அங்கே ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. உன் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை இன்னும் ஐஸ் தண்ணீரும் கையுமாகத்தான் திரிகிறாயா?

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் அத்தான் சிரிக்கிறார். "ரெண்டு பேரும் பேசித் தீர்க்காததை எழுதியா தீர்க்கப் போறீங்க?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும். எழுதும்போது குறுக்கே பேச ஆள் கிடையாது, அது எனக்கு எவ்வளவு பெரிய சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வெளிவேலை கொடுத்துவிட்டார்கள். புதிதாகச் செல்வ வரி வந்திருக்கிறது இல்லையா, ஒரு அளவுக்கு மேல் சொத்து சேர்த்தவர்கள் வருடா வருடம் கட்டவேண்டியது, அதற்காக வீடு வீடாகப் போய் மதிப்புப் போடுகிற வேலை. இத்தனை வருடம் நாற்காலியைத் தேய்த்தவளுக்கு இப்போது அடையாள அட்டை, அளவு நாடா, காலுக்கு ஷூ. "பணக்காரன் கையில காசு புரண்டாத்தான் நமக்கும் கொஞ்சம் சிந்தும்" என்று போன தடவை போனில் சொன்னாயே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சிந்தட்டும் என்று நாம் கீழே உட்கார்ந்து காத்திருக்க வேண்டுமா? அவர்கள் நம் எல்லோர் காசிலும் போட்ட ரோட்டில்தானே கார் ஓட்டுகிறார்கள். கொஞ்சம் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

இன்னொன்று. நீ ஹோட்டலில் பாடியதைப் பதிவு செய்து அனுப்பிய கேசட்டை உன் மருமகள் குட்டி எந்நேரமும் போடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தப் பழைய பாடகர்தான் பாடுகிறார், நீ எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. அடுத்தவர் சட்டை எவ்வளவு பொருந்தினாலும் அடுத்தவர் சட்டைதானே. கோபித்துக்கொள்ளாதே, நான் சொல்லாமல் உனக்கு யார் சொல்வார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 21

அக்காவுக்கு,

முதலில் உன் முழங்காலை விசாரித்ததாகச் சொல், பிறகு அத்தானையும் குட்டியையும். என் தொண்டை பிழைத்துக்கொண்டது. வெந்நீர்தான் குடிக்கிறேன், நம்பு.

உன் கடிதத்தை முழுசாகப் படித்தேன். நடுவில் கோபம் வந்து மடித்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். போனில் அப்படிச் செய்ய முடியாது, அந்த வகையில் நீ சொல்வது சரி.

சட்டை விவகாரத்துக்கு வருவோம். செல்வத்தை ஒருத்தர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறாய். அப்படியென்றால் பாட்டை மட்டும் ஒருத்தர் பெயரில் பட்டா போட்டுக் கொடுப்பது என்ன நியாயம்? அவர் ஒரு தடவை பாடி இசைத்தட்டில் அடைத்துவிட்டுப் போனார். நான் தினமும் திறந்து எல்லோருக்கும் ஊற்றுகிறேன். சரியாகப் பார்த்தால் நான்தான் உன் கட்சி.

நான் நிற்கிற இடத்தை நீ பார்த்ததில்லை. மேடை என்பது சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்ட ஒரு பலகை. தட்டு எடுத்துப் போகிறவர்கள் என் மைக் ஒயரைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். மேசைகளிலிருந்து துண்டுச் சீட்டு வரும், இன்ன பாட்டு வேண்டும் என்று. "உன் சொந்தக் குரலில் பாடு" என்று இதுவரை ஒரு சீட்டும் வந்ததில்லை. ஒரு தடவை கொஞ்சம் என் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடினேன். மேலாளர் கூப்பிட்டு, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார். குழுவில் எனக்குப் பெயரே கார்பன். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

உன் வரி வந்ததிலிருந்து மேசைகளில் வேறு பேச்சே இல்லை. தாராளமாக இருந்த கைகள் மீதிச் சில்லறையைக்கூட வழித்து எடுத்துக்கொண்டு போகின்றன. "எல்லாத்தையும் உங்க அரசாங்கம் புடுங்கிடுச்சு தம்பி" என்று என்னிடம் சொல்கிறார்கள், நான்தான் சட்டம் போட்டவன் மாதிரி. அவர்கள் தலையில் அடிக்கிற அடி நேராக இறங்கி என் வயிற்றில் விழுகிறது. இதை உங்கள் அலுவலகத்தில் சொல்லிவை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மாடிப்படி பார்த்து ஏறு.

தம்பி

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது உன் வாய்த்துடுக்கிலேயே தெரிகிறது.

பாட்டைப் பங்கு போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யார் பாட்டை வேண்டுமானாலும் பாடு. ஆனால் பாடுகிறவன் நீயாக இரு என்கிறேன், அவ்வளவுதான். ஒரே ஒரு பாட்டு உன் குரலில் பாடி அனுப்பு. ஹோட்டலுக்கு வேண்டாம், எனக்கு.

என் வேலை எப்படி என்று கேள். ஒரு வீட்டில் விலை உயர்ந்த ஓவியங்களைக் குளியலறையில் சாய்த்து வைத்துத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். இன்னொரு வீட்டு அம்மா பியானோவைக் காட்டி, "இது உடைஞ்சதுங்க, சத்தமே வராது" என்றார். நான் ஒரு கட்டையை அழுத்தினேன். வீடு முழுக்கக் கேட்டது. அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். இவர்களெல்லாம் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. வைத்திருப்பது போய்விடுமோ என்ற பயம், நமக்கு இருக்கிற அதே பயம், கொஞ்சம் பெரிய வீட்டில் இருக்கிறது. அதற்காக விட்டுவிட முடியுமா?

அடுத்து பிஸ்கட் முதலாளி வீடு. அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் மேலதிகாரி குரலைத் தணிக்கிறார். கம்பெனி ஆண்டு விழா அந்த வீட்டிலேயே நடக்கிற சனிக்கிழமையைத்தான் அவரே எங்களுக்கு நாளாகக் கொடுத்திருக்கிறார். வந்து துழாவுகிறவர்களை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைப்பாம். பார்க்கட்டுமே. நான் எதையும் திருடப் போகவில்லை. அவர் கட்டவேண்டியதைக் கட்டினால் குட்டி பள்ளிக்கூடத்துக்கு ஒழுகாத கூரை வரும். நான் இப்படித்தான் நினைத்துக்கொண்டு படி ஏறுகிறேன்.

கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்காதே, பனிக்கு அது போதாது.

உன் அக்கா

பிப்ரவரி 13

அக்காவுக்கு,

சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

இரண்டு வரியில் முடிக்கிறேன், ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் குழுவுக்கு வெளியூர் நிகழ்ச்சி ஒன்று வந்திருக்கிறது. பெரிய இடம். எல்லோருக்கும் புதுக் கோட்டு தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே மரியாதை வருகிறது. யார் வீடு, என்ன விசேஷம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏதோ உன் ஊர்ப் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள். வேனில் போய் வேனிலேயே திரும்பிவிடுவோம், அதனால் வீட்டுக்கு வர முடியாது, எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதே.

என் சொந்தக் குரலில் பாடி அனுப்பினால் குட்டி பயந்துகொள்வாள். பிறகு பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

பிஸ்கட் முதலாளி வீடு முடிந்தது. காலையில் போனோம், சாயங்காலம் வந்தோம். பெரிய வீடு. தூணெல்லாம் பளிங்கு. நிறைய விருந்தாளிகள். கூடத்தில் ஏதோ பழைய பாட்டு ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உன் அத்தான் சமையலறைக்கு வெள்ளையடிக்கக் கிளம்பினார், பாதிச் சுவரிலேயே சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.

நீ போவதாக எழுதிய நிகழ்ச்சி நல்லபடியாக நடந்திருக்கும்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல். அதுவும் எப்போது வந்தது என்று கேள், அந்த வெளியூர் நிகழ்ச்சிக்கு முந்தின நாள். படுத்த படுக்கை. குழு மட்டும் போனது, எனக்குப் பதில் வேறு ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோட்டு வீணாகிவிட்டது என்று சிரித்தோம்.

உன் வரியைப் பற்றி நிறைய யோசித்தேன். நீ சொன்னதுதான் சரி. நான் விவரம் தெரியாமல் பேசினேன். அவர்களிடமிருந்து வாங்கத்தான் வேண்டும். நேற்றுகூட ஒரு மேசையில் இதைப் பற்றிப் பேசும்போது நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். மேலாளர் முறைத்தார், முறைக்கட்டும்.

இதோடு முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். குட்டிக்கு ஒரு குடை. அத்தானுக்கு ஒரு மப்ளர். உனக்கு ஒரு கைப்பை, தோலில் செய்தது. இவ்வளவும் எதற்கு என்று கேட்காதே. தோன்றியது, வாங்கினேன்.

அந்த வீட்டில் உங்களை மரியாதையாக நடத்தினார்களா? சும்மா கேட்கிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

பொருள்கள் வந்து சேர்ந்தன. குட்டி வீட்டுக்குள்ளேயே குடை பிடிக்கிறாள். கைப்பையை எடுத்து வைத்திருக்கிறேன். காய்ச்சல் விட்டதா? விட்டிருக்கும்.

மரியாதையாக நடத்தினார்களா என்று கேட்டாய், அதனால் எழுதுகிறேன். அந்த முதலாளி என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். என் வீட்டு ஆளுக்கு அவர் ஃபாக்டரியில் வேலை போட்டுக் கொடுத்தால் மதிப்பைக் குறைத்து எழுதுகிறேன் என்று நான் பேரம் பேசினேனாம். நடந்தது நேர்மாறு. அவர்தான் கூடத்தில் என்னை நிறுத்தி, "உங்க வீட்ல யாருக்காவது வேலை வேணுமாம்மா? எழுதுறதைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்க, நானும் பார்த்துக்கிறேன்" என்றார். "கண்ணுக்குப் படுறதைத்தாங்க எழுதுவேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. பிறகு நடந்ததை எழுத வேண்டாம்.

என்னோடு வந்த புகைப்படக்காரர் அப்போது மாடியில் இருந்தார். கீழே இருந்தவர்கள் எல்லோரும் முதலாளியின் விருந்தாளிகள், அவர் உப்பைத் தின்றவர்கள். பேசியது அந்த ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில். வேறு யார் காதில் விழுந்திருக்கும்? விசாரணை வைத்திருக்கிறார்கள். நிரூபித்துவிட்டால் வேலை போகும், பெயரும் போகும். அத்தான் தைரியம் சொல்கிறார், ஆனால் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வதில்லை.

நீ அங்கே இல்லை. உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். சொல்லவேண்டும் போல இருந்தது, சொன்னேன்.

அக்கா

மே 6

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறிவிட்டதோ என்னவோ.

விசாரணை முதல் நாள் முடிந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தும் வியர்த்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் நான் போனதும் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் வாங்கியிருப்பேன் என்று நினைக்கிறார்களா, பாவம் என்று நினைக்கிறார்களா, தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் குத்துகிறது.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லையென்று ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா

மே 24

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. நான்தான் பாடினேன். அது உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். யார் வீடு என்பதும் முன்பே தெரியும். நீ பிஸ்கட் முதலாளி என்று எழுதிய அன்றே தெரியும். நீ மாடியில் அளப்பாய், நான் கீழே பாடுவேன், கண்ணில் படாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். பணம் அப்படி இருந்தது.

நீ கூடத்துக்குள் வந்தாய். ஷூவெல்லாம் தோட்டத்துச் சேறு. கையில் அளவு நாடா. ஒரு விருந்தாளி, "யாரு இவங்க, டெய்லரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது, உனக்குக் கேட்டிருக்கும்.

அப்போதுதான் நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஜன்னல் திரைச்சீலையை அளக்கப் போய்விட்டாய். பிறகு அவர் உன்னைக் கூப்பிட்டுப் பேரம் பேசியது, நீ மறுத்தது, ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "அந்தப் பூனைப் பாட்டைப் பாடுப்பா" என்றார். வாலை ஆட்டி வருது பூனை, மூடி வையுங்க பால் பானை. உனக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டு. நீ ஒவ்வொரு அலமாரியாகத் திறக்கும்போதெல்லாம் அந்த வரியைத் திருப்பிப் பாடச் சொல்லி விரலால் சாடை காட்டினார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் நிறுத்தியிருக்கலாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பொய் எனக்கு வராததா. நிறுத்தவில்லை. என் குரல் ஒரு துளிகூட வெளியே தெரியக்கூடாது என்று அந்தப் பாட்டை முதலில் பாடிய பழைய நகைச்சுவை நடிகரின் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மூக்கால் இழுப்பது, நடுவில் ஒரு விக்கல், எல்லாம் அச்சு அசல். அவ்வளவு நன்றாக நான் என்றைக்குமே பாடினதில்லை. கைதட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் சொன்னேன். அந்த வணக்கத்தை நினைத்தால் குளிக்கும்போதுகூட உடம்பு கூசுகிறது.

ரெக்கார்டு என்று எழுதினாய். கடைசியில் என்னை ஒருத்தர் ரெக்கார்டு என்றே நினைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு மூன்று நாள் பாடப் போகவில்லை. நீ எனக்கு வெளியே போக ஒரு கதவு திறந்து வைத்தாய். நானும் கூச்சமே இல்லாமல் அதன் வழியாக ஓடினேன், போகிற போக்கில் ஒரு கைப்பையையும் வீசிவிட்டு.

விசாரணைக் குழுவுக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். அங்கே பாடியவன் நான், மைக் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன், பேரம் பேசியது முதலாளி, மறுத்தது மதிப்பீட்டாளர், அவர் என் உடன்பிறந்த அக்கா என்று. கூப்பிட்டால் நேரில் வந்து சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். எங்கள் ஹோட்டல் முதலாளி அந்த பிஸ்கட் முதலாளிக்கு வேண்டியவர், இனி இங்கே எனக்கு இடம் இருக்காது. அதைப் பெரிய தியாகம் என்று சொல்ல வரவில்லை. இதையாவது காலத்தில் செய்தேனா என்று மட்டும் சொல்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

காலத்தில் செய்தாயா என்று கேட்டாய். நீ எனக்கு எழுதியது வந்து சேர்வதற்கு முன்பே, அவர்களுக்கு எழுதியது போய்விட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். நடுவில் இருக்கிற அதிகாரி அதை உரக்கப் படித்தார். உடன்பிறந்த அக்கா என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

உனக்கு ஒன்று எழுதாமல் விட்டிருந்தேன். முதல் நாள் விசாரணையில் அவர் என்னிடம், "கூடத்துல பாடினவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "முன்ன பின்ன பார்த்ததுண்டா?" என்றார். இல்லை என்றேன்.

அதனால் உன் கடிதம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. பேரம் பேசியது நான் இல்லை என்று ஆயிற்று. உங்கள் குழுவில் பியானோ வாசித்தவரையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம், அவரும் நீ சொன்னதையே சொன்னாராம். அந்தப் புகார் போய்விட்டது. ஆனால் விசாரணையில் பொய் சொன்னவள் என்றும் ஆயிற்று. வெளிவேலையை எடுத்துவிட்டார்கள். இனி தபால் பிரிவில் உறை ஒட்டவேண்டியது. பிஸ்கட் முதலாளி வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பி மறுபடி மதிப்புப் போடுவார்கள். அதற்குள் பளிங்குத் தூணைத் தவிர வேறு எது அந்த வீட்டில் மிஞ்சுமோ தெரியாது. எனக்கு அதுதான் ஆறவில்லை. வரி நல்ல வரி தம்பி, இன்றைக்கும் சொல்வேன். அதைத் தூக்கிக்கொண்டு போன நான்தான் போதவில்லை.

உன்னைக் காப்பாற்றத்தான் தெரியாது என்று சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நீயும் நம்புவாய், அத்தானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அது பொய். ரெக்கார்டு என்று எழுதியதும் உனக்காக இல்லை. பாடினது ஒரு மிஷின் என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்கியது, அவ்வளவுதான்.

அதிகாரி கேட்டார், "ஏம்மா, சொந்தத் தம்பியைத் தெரியாதுன்னு எதுக்கு சொன்னீங்க?"

"வெட்கமா இருந்துச்சு சார்."

"தம்பி ஹோட்டல்ல பாடுறாருன்னா? அது ஒரு தொழில்தானே."

"அதுக்கில்ல சார். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துட்டும் பாடினான். அவன் என் தம்பின்னு நான் சொன்னா, அதையும் சேர்த்து சொல்லணும்ல."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

என் கோபம் போகவில்லை. இன்னும் நாளாகும். நீ சிரித்தது எனக்குக் கேட்டது, பாடியதைவிட அதுதான் உள்ளே கிடக்கிறது. ஆனால் இப்படி எழுதி எழுதி என்னால் கோபப்பட முடியாது, எழுத்தில் நாம் இரண்டு பேரும் ரொம்ப சாமர்த்தியமாக ஒளிந்துகொள்கிறோம். ஹோட்டலில் கணக்கு முடித்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு வா. வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. சண்டை போடுவேன். அத்தான் நடுவில் வரமாட்டார், சொல்லிவைத்துவிட்டேன்.

பகலிலேயே வா. தெருவில் எல்லோரும் வெளியே நிற்கிற நேரம். எதிர் வீட்டுக்காரர்கள் யார் வந்திருப்பது என்று கேட்பார்கள். இந்தத் தடவை தெரியாது என்று சொல்லமாட்டேன்.

உன் அக்கா